நானூறு கிராமுக்கு ஒரு குளிர்காலம்

பிக்கப் வண்டிகள் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "கிராம் வந்தாச்சா?", "இதைக் கிராம்கிட்ட காட்டினியா?" என்றுதான் பேச்சு. யாரோ கேலியாக ஆரம்பித்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. வண்டிக்கு அடியில் இருக்கிற உறுப்புகளிலிருந்து, பலம் குறையாமல், எடையை மட்டும் உருவி எடுப்பதுதானே அவள் வேலை. மேஜைமேல் மற்றவர்களுக்கு டீக் கோப்பை இருக்கும் இடத்தில் அவளுக்கு ஒரு மின்தராசு இருக்கும். கையில் கிடைக்கிற போல்ட்டைக்கூட அதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

புது மாடலுக்கு அவளுக்குக் கொடுத்த இலக்கு அறுபது கிலோ. வண்டி அறுபது கிலோ இளைத்தால், அதை ஓட்டிப் பிழைப்பவர் அறுபது கிலோ கூடுதலாகச் சரக்கு ஏற்றலாம். காலியாகத் திரும்பும்போது டீசலும் குறைவாகக் குடிக்கும். சொல்வதற்கு எளிது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு இரண்டு துண்டு இரும்பாக இருந்தது. அதை ஒரே அலுமினியக் குழாயாக மாற்ற ஒரு வருஷம் மல்லுக்கட்டினாள். முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளை அலுமினியமாக்கினாள். வளைவில் வண்டியைச் சாயவிடாத கம்பியை உள்ளே வெறுமையான குழாயாக்கினாள். பின் ஆக்சிலின் கூட்டை வேண்டாத இடத்திலெல்லாம் சுரண்டி மெலிய வைத்தாள். எல்லாம் சேர்ந்து முப்பது கிலோதான் தேறியது.

மீதி முப்பதும் ஒரே இடத்தில் இருந்தது. பின்சக்கரங்களுக்கு மேல், பக்கத்துக்கு நாலு இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் ஸ்பிரிங். ஒரு பக்கம் இருபத்திரண்டு கிலோ. அந்த நாலையும் தூக்கிவிட்டு, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த ஒற்றைப் பட்டை வைத்தால் ஏழு கிலோவில் முடிந்துவிடும். அந்த ஒற்றைப் பட்டைமேல்தான் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

உயிரில் பாதியைத்தான் என்று சொல்ல வேண்டும். மறு பாதி மூன்று நாள் பயணத் தொலைவில், மலைமேல் ஒரு சோதனை முகாமில் இருந்தது.

அவள் கணவன் சோதனை ஓட்டுநர். அவர்கள் சந்தித்ததே எடை போடும் அறையில்தான். ஒரு நாள் காலையில் சோதனை வண்டி ஒன்றை நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தட்டு வைத்து எடை போட்டாள். கணக்குக்கு மேல் எழுபத்திரண்டு கிலோ காட்டியது. காகிதத்தைப் புரட்டிப் புரட்டி இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், ஓட்டுநர் இருக்கையில் ஒருவன் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

"சார், கொஞ்சம் இறங்குங்க! உங்களையும் சேர்த்து எடை போட்டுட்டேன்!"

"அப்படியா? எவ்வளவு இருக்கேன்?"

"எழுபத்திரண்டு."

"முகாமுக்குப் போறப்ப எழுபத்தஞ்சு. அங்க சாப்பாடு அப்படி. மூணு கிலோ குறைச்சிருக்கேன், உங்க கணக்குல சேர்த்துக்கோங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் கல்யாணம்.

கல்யாணமான ஐந்தாவது மாதமே அவனை மலைக்கு அனுப்பினார்கள். குளிர்காலம் முழுக்கப் பனியில் சோதனை. கோடையில் பாலைவனத்தில். நடுவில் கல்லும் பள்ளமுமாகக் கட்டிவைத்த பாதையில். இடையிடையே பத்து நாள், பதினைந்து நாள் வீட்டுக்கு வருவான். மூன்று வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது இருநூற்றுப் பதினொரு நாள். அதிலும் தகராறு உண்டு. வந்த நாளையும் கிளம்பின நாளையும் முழு நாளாகச் சேர்க்க வேண்டும் என்பான் அவன். அவை அரை நாள்தான் என்பாள் அவள்.

வீட்டில் அவளும் அவன் அம்மாவும் மட்டும். இரண்டாவது மாடியில் இரண்டு அறை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு விடுமுறையில் அவன் சரிசெய்தான். திருகை மாற்றி மாட்டிவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து அந்தக் குழாயை மூடுகிற பக்கம் திருப்பினால்தான் தண்ணீர் வரும். விருந்தாளிகள் வந்தால் சட்டையை நனைத்துக்கொண்டு போவார்கள். ஆள் வைத்துச் சரிசெய்யலாம் என்று மாமியார் மருமகள் இருவருமே ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மட்டும் காத்திருப்புக்கு ஒரு முடிவு தெரிந்தது. புது வண்டி இந்தச் சோதனையில் தேறிவிட்டால், அவனைத் தொழிற்சாலைக்கே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வண்டிகள் வெளியே போகுமுன் கடைசியாக ஓட்டிப் பார்த்து அனுப்பும் வேலை. காலையில் போய் மாலையில் வீடு. இதைக் கேட்டதிலிருந்து அத்தைக்கு நிலை கொள்ளவில்லை. கட்டில் மெத்தையை வெயிலில் காயவைத்துக் காயவைத்து எடுத்தார். "பஞ்சு வெளுத்துப் போயிடும் அத்தை" என்று இவள் சொன்னால், "நீ உன் தராசைப் பாரு" என்பார்.

அவன் மலைக்குப் போன நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போன் வந்தது. அத்தை கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சத்தம் கேக்குது" என்றான் அவன். எடுத்த எடுப்பிலேயே.

"எங்க?"

"பின்னாடி, இடது பக்கம். ராத்திரி முழுக்கப் பனியில நிக்குதில்ல, காலையில எடுத்தா முதல் ஒரு மணி நேரம். பள்ளத்துல இறங்கறப்போ டிக்னு ஒரு சத்தம். அப்புறம் சூடேறினா காணாமப் போயிடுது."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இழைப்பட்டையின் முனையில் ஓட்டை போட்டு, இரும்புக் கவ்வியைப் போல்ட்டில் முடுக்கியிருந்தாள். அந்தக் குளிரில் இரும்பு ஒரு அளவு சுருங்குகிறது, இழை ஒரு அளவு சுருங்குகிறது. பிடி தளர்கிறது. இன்றைக்கு டிக். இரண்டு வருஷம் கழித்து, சரக்கோடு போகும் யாரோ ஒருவரின் வண்டியில் அது விரிசலாகும்.

"ரொம்ப மெல்லிசான சத்தம்" என்றான் அவன். "ஜன்னலைத் திறந்து வச்சாத்தான் கேக்கும். எழுதலைன்னா யாருக்கும் தெரியாது. எனக்கும் உனக்கும் தவிர."

எழுதினால் கவ்வியை மாற்ற வேண்டும். மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும். அதற்குப் பனி வேண்டும். பனிக்கு இன்னொரு வருஷம். கூடத்தில் பட்டாணி ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டது.

"எழுதிடுங்க" என்றாள்.

"நேத்தே எழுதிட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டீங்க? நான் என்ன சொல்றேன்னு பாக்கவா?"

"அதில்லம்மா" என்றான். "எழுதாதீங்க, வந்துடுங்கன்னு நீ ஒரு தடவை சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டே நின்றாள். சொல்லியிருக்கலாம். எழுதியாகிவிட்டது என்று தெரிந்திருந்தால் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

அவன் அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பினான். இருபது விநாடி. எஞ்சின் உறுமல், நடுவே ஒரு டிக், பின்னால் ஒரு இருமல். அலுவலகத்தில் காதுக் கருவி மாட்டிக்கொண்டு அன்று முழுக்க அதையே திருப்பித் திருப்பிப் போட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் அவள் சிரத்தையை மெச்சிக்கொண்டார்கள். டிக் அவளுக்கு இரண்டாவது தடவையே மனப்பாடமாகிவிட்டது என்பதும், அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த இருமலைத்தான் என்பதும் அவர்களுக்கு எங்கே தெரியும்? தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வதில்லை போல.

தலைமைப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் பிடி கொடுத்துப் பேசமாட்டார்.

"ரெண்டு வழி இருக்கும்மா. பழைய இரும்புப் பட்டையையே போட்டுக்கலாம். முப்பது கிலோ திரும்ப ஏறும், ஆனா வண்டி இந்த வருஷமே வெளியில போயிடும். இல்லைன்னா உன் பட்டையைச் சரிபண்ணி அடுத்த குளிர்ல பாக்கலாம். மேலிடம் ரெண்டுக்கும் தயார். நீ எழுதிக் கொடுக்கறதுதான்."

"எதை எழுதினா உங்களுக்கு நல்லது சார்?"

"எனக்கு ரெண்டும் தலைவலிதான்" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார். அவரிடம் எதையும் மறைக்க முடியாது. முகத்தைப் பார்த்தே வாயைப் பிடுங்கிவிடுவார்.

"இரும்பு போட்டா என் புள்ள வந்துடுவானா?"

"வந்துடுவாரு அத்தை."

"அப்போ போட்டுடு. இத்தனை நாளா எல்லா வண்டியும் இரும்புலதானே ஓடுது? குடை சாஞ்சா விழுந்துச்சு?"

மறுநாள் காலையில் இரும்பு என்றே எழுத உட்கார்ந்தாள். உண்மையாகத்தான் உட்கார்ந்தாள். எடைப் பட்டியலில் ஏழு கிலோ இருந்த இடத்தில் இருபத்திரண்டு என்று எழுதியும் விட்டாள். ஆனால் அந்த டிக்கைக் கேட்ட நாளிலிருந்தே அதற்கான மருந்து அவள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. முனையில் ஓட்டையே போடக் கூடாது. முனையை ஆப்புப்போலத் தடிக்க வைத்து வார்த்து, அதைச் சுற்றி இரும்பு கவ்வ வேண்டும். குளிரில் சுருங்கினால் இன்னும் இறுக்கமாகத்தான் பிடிக்கும். காகிதத்தின் ஓரத்தில் விளையாட்டுப்போல வரைந்தாள். அளவு போட்டாள். எடை போட்டாள். பக்கத்துக்கு நானூறு கிராம் கூடும். வழி தெரிந்த பிறகு தெரியாததுபோல எழுதக் கை வரவில்லை. மதியத்துக்குள் இருபத்திரண்டை அழித்துவிட்டு ஏழு கிலோ நானூறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எடை போடும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை அவனிடம் சொன்னாள்.

"எவ்வளவு கூடுது?" என்றான்.

"பக்கத்துக்கு நானூறு கிராம்."

"நானூறு கிராமுக்கு ஒரு குளிர்காலம்" என்றான். சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "சரி விடு. உன் இடத்துல நானா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, "இல்ல, பொய். நான் இரும்பு போட்டுட்டு ஓடி வந்திருப்பேன்" என்றான்.

அத்தை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். மூன்றாம் நாள் அவராகவே வந்து, "அந்த ஆப்பு வச்சது சரியா வருமா?" என்று கேட்டார். வரும் என்றாள். "வரலைன்னா உன்னை விட்டேனா பாரு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறு குளிர்காலத்தில் புதுப் பட்டைகளைப் பொருத்தும்போது வடிவமைத்தவர் கூட இருக்க வேண்டும் என்று விதி. அவள் மூன்று நாள் பயணம் செய்து மலைக்குப் போனாள். ரயில், பஸ், கடைசியில் முகாமின் ஜீப். அத்தை கொடுத்துவிட்ட கம்பளித் துணி மடியில். முகாம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையும், ஆண்கள் பன்னிரண்டு பேர் படுக்கும் ஒரு நீளக் கொட்டகையும்தான். அவளுக்கு ஆபீஸ் அறையில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள்.

அவன் வாசலில் நின்றிருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி. சுற்றிலும் சகாக்கள் பல்லை இளித்துக்கொண்டு நின்றதால் இருவரும் அலுவலகப் பாணியில், "பயணம் நல்லா இருந்துச்சா?", "நல்லா இருந்துச்சு" என்று பேசிக்கொண்டார்கள். பன்னிரண்டு பேருக்கும் அவள்மேல் அப்படி ஒரு மரியாதை. சாப்பிடும்போதும் சுற்றி உட்கார்ந்தார்கள். பட்டறையிலும் சுற்றி நின்றார்கள். தனியாக ஒரு வார்த்தை பேச இடமில்லை.

மூன்றாம் நாள் காலை, பனியில் ஒரு இரவு நின்ற வண்டியில் இருவரும் ஏறினார்கள். நாலு மணி நேர ஓட்டம். அப்பாடா என்று அவள் வாயைத் திறந்தபோது அவன் உதட்டில் விரல் வைத்துவிட்டு மேலே காட்டினான். கூரையில் ஒரு மைக். சத்தச் சோதனை. வண்டிக்குள் விழும் ஒவ்வொரு சத்தமும் பதிவாகித் தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மடியில் சோதனைத் தாள் இருந்தது. 'குறிப்புகள்' என்ற கட்டத்தில் எழுதினாள்: "ஏன் இப்படி மெலிஞ்சு போயிருக்கீங்க?" ஓட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் படித்துவிட்டு, எடைக் கணக்கில் சேர்த்துக்கொள் என்பதுபோலக் கையை ஆட்டினான். பாதை பள்ளமும் மேடுமாகப் போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள். டிக் இல்லை. அடுத்த பள்ளம். இல்லை. "சமையலறைக் குழாய் இன்னும் அப்படியே இருக்கு" என்று எழுதினாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

பாதி வழியில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தில் அவன் தாளை வாங்கினான். ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தான். ஒரே வரி எழுதிக் கொடுத்தான். அதில் என்ன இருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மிச்ச வழி முழுக்க அவன் இடது கை கியரை மாற்றாத நேரமெல்லாம் அவள் கையின்மேல் இருந்தது. பட்டறைக்குத் திரும்பியதும் அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, புதுத் தாளில் 'சத்தம் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதியம் ஜீப் வந்துவிட்டது.

ஊர் திரும்பிய மறுவாரம் தலைமைப் பொறியாளர் மெதுவாகக் கேட்டார். "நாலு மணி நேரப் பதிவையும் கேட்டேன். ஒரு வார்த்தைகூட இல்லையே. ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையாம்மா?"

வண்டி தேறியது. கோடையில் வெளியே வந்தது. தெருவில் அந்த மாடல் போனால் அவள் கண் பின்சக்கரத்துக்கு மேலேதான் போகும். சரக்கோடு பள்ளத்தில் இறங்கி, ஒரே ஒரு தடவை அமுங்கி நிமிர்ந்து, சத்தமில்லாமல் போகும்.

ஆனால் தொழிற்சாலையில் அவனுக்கென்று சொல்லிவைத்த வேலை அந்த ஒரு வருஷத்தில் வேறொருவருக்குப் போய்விட்டது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. வண்டி தள்ளிப்போனாலும் அந்த இடத்துக்கு ஆள் வேண்டுமே. அவன் இருபத்திரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு, அடுத்த மாடலோடு பாலைவனத்துக்குக் கிளம்பினான். படியிறங்கும்போது, "இந்தத் தடவை கிளம்புற நாளை முழுசா எழுதிக்கோ" என்றான். அவள் சரி என்றாள்.

அவன் போன பத்தாம் நாள் அவள் தலைமைப் பொறியாளர் முன்னால் போய் நின்றாள். வெயில் சோதனையின் அளவுகளைப் பார்த்துக் கணக்கெடுக்க அங்கேயே ஒரு ஆள் வேண்டும், என்னை ஆறு மாதம் அனுப்புங்கள் என்றாள். முகாமில் பெண்களுக்கு இடமில்லையே என்று அவர் இழுத்தார். முகாமில் இருக்கமாட்டேன், பக்கத்து ஊரில் வீடு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பக்கத்து ஊர் என்பது நாற்பது கிலோமீட்டர். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டு வீட்டுக்குப் போய்ப் பேச்சை எடுத்தால், அவர் பாதியிலேயே எழுந்துபோய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்க ஆரம்பித்துவிட்டார். "என்னை மட்டும் இங்க விட்டுட்டுப் போகலாம்னு பாத்தியா?"

இப்போது அவர்கள் அந்தச் சிற்றூரில் நெடுஞ்சாலையோரம் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். முகாமிலிருந்து அளவுகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன; அவள் கணக்கு வேலை முழுக்க அங்கேதான். வாரத்துக்கு ஒரு நாள் அவன் வருகிறான். காலையில் வந்து, அம்மா செய்து வைத்ததையெல்லாம் சாப்பிட்டு, மின்விசிறிக்கு அடியில் தூங்கி, அவளோடு கடைத்தெருவுக்கு நடந்து போய்விட்டு, மறுநாள் விடிந்ததும் திரும்புகிறான். ஐந்து மாதம் காத்திருந்த தனக்கு ஆறு நாள் என்ன பெரிதா என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. ஐந்து மாதம் என்றால் மனசு ஒரு பக்கமாகப் படுத்துவிடும். ஆறு நாள் அதைப் படுக்கவே விடுவதில்லை.

சோதனைப் பாதை அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. மற்ற நாளெல்லாம் மாலை நாலேகாலுக்கு அவன் வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகும். வேகத்தைக் குறைக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, எல்லாம் பதிவாகும். நாலு மணிக்கே அத்தை வாசலுக்கு வந்துவிடுவார். வண்டி தூரத்தில் புள்ளியாகத் தெரிந்ததும் கையைத் தூக்கி, "சாப்பிட்டியாடா?" என்று கத்துவார். அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? விளக்கை ஒரு தடவை மினுக்கிவிட்டுப் போய்விடுவான். புழுதி அடங்க ஒரு நிமிஷம் ஆகும்.

"சாப்பிட்டிருப்பான்ல?" என்று அத்தை கேட்பார்.

"சாப்பிட்டிருப்பாரு அத்தை" என்பாள் அவள். இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார்கள்.